கப்பலுக்கேற்ற ஆறும் ஆற்றுக்கேற்ற கப்பலும்



ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் கூடியுள்ள இவ்வவையில் ஐரோப்பிய ஆறு ஒன்றைப் பற்றிப் பேச முற்பட்டதற்குக் காரணம் உண்டு. 'பொருளாதார வளர்ச்சியும் சுற்றுச்சூழலும்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதாத மாணவர் நம் பள்ளிகளில் இலர். அக்கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முற்பாதியில் வளர்ச்சியின் நன்மைகள் வரும். பிற்பாதியில் அதனால் விளையும் கேடுகள் வரும். முடிவில் இரண்டும் சமநிலை பெற வேண்டும் என்னும் அறிவுரை வந்து நிற்கும். அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆயினும் நன்மையும் கேடும் ஒரே பொருளில் பிரிக்க இயலாதபடி பின்னிக் கிடக்கும்போது அவ்வச்சு நமக்கு உதவுவதில்லை. அத்தகைய பின்னலுக்கு ரைன் ஆற்றுச் சரக்குக் கப்பல்களைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு காண்பது அரிது.

ரைன் ஆறு சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் பிறக்கிறது. கான்ஸ்டன்ஸ் ஏரியை நிரப்பிக்கொண்டு, பாசல் நகரில் வடக்கே திரும்பி, பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் எல்லையாகச் சிறிது தொலைவு ஓடி, ஜெர்மனியின் தொழில் நகரங்களைக் கடந்து, நெதர்லாந்தில் கிளைகளாகப் பிரிந்து வடகடலை அடைகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 1,230 கிலோமீட்டர். பல்லாண்டுகளாகக் கலைக்களஞ்சியங்களும் பாடநூல்களும் 1,320 என்றே அச்சிட்டு வந்தன. இரண்டு இலக்கங்கள் எங்கோ இடம் மாறியிருக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டில்தான் பேசப்பட்டது. ஒரு நூலைப் பார்த்து மற்றொரு நூல் எழுதப்படும்போது ஓர் ஆறே 90 கிலோமீட்டர் நீண்டுவிடுகிறது என்பதை ஆசிரியர்கள் மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

ஆற்றில் செல்வதை ஓடம், தோணி, பரிசல் என்றும் கடலில் செல்வதைக் கப்பல் என்றும் பிரித்தே பழகியவர்கள் நாம். ரைன் ஆற்றில் செல்வனவற்றைத் தோணி என்று சொல்ல நா எழாது. இன்று அங்கே பரவலாகக் காணப்படும் பெரிய சரக்குக் கப்பலின் நீளம் 110 மீட்டர், அகலம் 11 மீட்டருக்குச் சற்று மேல். ஆற்றில் நீர் நிறைந்திருக்கும் நாளில் அது 3,000 டன் அளவுக்குச் சரக்கு ஏற்றும். அதே சரக்கைச் சாலை வழியே கொண்டுசெல்ல 25 டன் ஏற்றும் லாரிகள் 120 வேண்டும். பேச்சில் லாரி என்றும் எழுத்தில் கனவுந்து என்றும் வழங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. மொழி வளர்க்கும் மன்றத்தின் மேடையில் நிற்பதால் கனவுந்து என்றே தொடர்வோம். ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து டியூஸ்பர்க் நகரின் எஃகு ஆலைகளுக்கு இரும்புத் தாது செல்லும் முறை இன்னும் வியப்பானது. ஆறு பெரிய மிதவைகளை ஒன்றாகப் பிணைத்து, பின்னாலிருந்து ஒரே கலம் தள்ளிச் செல்லும். அக்கோவையில் 16,000 டன் அளவுக்குத் தாது இருக்கும். கனவுந்துக் கணக்கில் 640.

பாசல் தொடங்கிக் கடல்வரை 850 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இந்நீர்வழியில், நல்ல ஆண்டுகளில் 30 கோடி டன் அளவுக்குச் சரக்கு சென்றிருக்கிறது. ஜெர்மனியின் உள்நாட்டு நீர்வழிச் சரக்கில் ஐந்தில் நான்கு பங்கு இவ்வோர் ஆற்றையே நம்பியிருக்கிறது. தாது, நிலக்கரி, எரியெண்ணெய், வேதிப்பொருள், மணல், சரளை, தானியம், கொள்கலன் என எல்லாம் இதன் மேல் செல்கின்றன. நமக்கும் இதில் சிறு தொடர்பு உண்டு. பாசிர் பாஞ்சாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ ஏற்றப்படும் கொள்கலன் ராட்டர்டாமில் இறங்கினால், அதன் எஞ்சிய பயணம் பல வேளைகளில் ரைன் ஆற்றின் மேல்தான் நிகழ்கிறது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சிங்கப்பூரும் ராட்டர்டாம் துறைமுகமும் பசுமைக் கப்பல் வழித்தடம் ஒன்றை அமைக்க உடன்பட்டதை மாணவர்கள் சிலர் அறிந்திருக்கலாம். அவ்வழித்தடம் கடலோடு முடிகிறது. சரக்கு முடிவதில்லை.

இக்கப்பல்கள் அனைத்தும் பெருநிறுவனங்களுக்கு உரியவை அல்ல. குறிப்பாக நெதர்லாந்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் கப்பல்கள் இன்றும் பல. குடும்பம் கப்பலிலேயே வாழும். பின்புற மேல்தளத்தில் அவர்களது மகிழுந்து நிற்கும். கரை சேர்ந்ததும் சிறு பாரந்தூக்கி அதை இறக்கி வைக்கும். பிள்ளைகள் பள்ளி வயதை எட்டியதும் கப்பலோட்டிகளின் பிள்ளைகளுக்கென நடத்தப்படும் விடுதிகளில் தங்கிப் படிப்பதுண்டு. பொருளாதாரம் என்னும் சொல்லை எண்களால் மட்டும் நிரப்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்லிச் செல்கிறோம்.

சூழல் நோக்கிலும் கப்பலுக்கு வலுவான வழக்கு இருக்கிறது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல ஆற்றுக் கப்பல் வெளியிடும் கரியமில வாயு, கனவுந்து வெளியிடுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இரயில் இன்னும் குறைவாக வெளியிடும் என்றாலும் ரைன் பள்ளத்தாக்கின் இரயில் பாதைகளில் இடம் மிச்சமில்லை. ஆகவே கப்பலை நிறுத்தினால் சரக்கு சாலைக்குத்தான் வரும். ஆனால் இவ்வழக்கில் ஓர் ஓட்டையும் உண்டு. கப்பலின் எந்திரம் பல பத்தாண்டுகள் உழைக்கும். கனவுந்துகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய, தூய எந்திரங்களுக்கு மாறிவிட்டன. பழைய கப்பல் எந்திரங்களோ நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கரித்துகளையும் ஆற்றங்கரை நகரங்களின் மேல் தூவிக்கொண்டே இருந்தன. 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதிமுறை புதிய எந்திரங்களுக்குக் கடுமையான வரம்பு விதித்தது. பழையவை பழையபடியே ஓடுகின்றன. உறுதியான ஒன்று எப்போதும் நல்லதன்று.

ஜெர்மனியில் மைன்ஸ் நகருக்கும் கோப்லென்ஸ் நகருக்கும் இடையே ரைன் ஆறு குறுகலான மலை இடுக்கில் புகுந்து செல்கிறது. இரு மருங்கும் திராட்சைத் தோட்டங்களும் பழங்கோட்டைகளும் நிறைந்த இப்பகுதியை 2002ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. இங்கேதான் கவுப் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவில், கப்பல் வடிவில் கட்டிய ஒரு கோட்டை நிற்கிறது. 1327ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அதன் கோபுரம் பகைவரைத் தடுக்கக் கட்டப்பட்டதன்று. கடந்து செல்லும் கலங்களிடம் சுங்கம் வாங்கக் கட்டப்பட்டது. ரைன் கரையின் கோட்டைகளை ஓவியங்களில் கண்டு மயங்குவோர், அவற்றில் பல உண்மையில் சுங்கச் சாவடிகள் என்பதை மறந்துவிடுகின்றனர். சிற்றரசுகள் ஒவ்வொன்றும் கைநீட்டிக் காசு கேட்ட அக்காலத்தில், ஆறு அகலமாக இருந்தும் வணிகம் குறுகியே இருந்தது.

அதை மாற்றியது பொறியியல் அன்று, சட்டம். 1815ஆம் ஆண்டு வியன்னா மாநாடு, பன்னாடுகளின் ஊடாகப் பாயும் ஆறுகளில் கப்பல் போக்குவரத்து எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டும் என்னும் கொள்கையை ஏற்று, ரைன் ஆற்றுக்கென ஒரு நடுவண் ஆணையத்தை உருவாக்கியது. இன்று ஸ்திராஸ்பூர் நகரில் இயங்கும் அவ்வாணையமே உலகில் இன்றும் வாழும் பன்னாட்டு அமைப்புகளுள் மிகப் பழையது. 1868ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் கையொப்பமான மன்ஹைம் உடன்படிக்கை, ஆற்றில் செல்வதற்காக மட்டும் எவரும் கட்டணம் வாங்கக் கூடாது என்று உறுதி செய்தது. அதற்கு ஓரிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே கவுப் கோட்டையில் சுங்கம் நின்றுபோயிற்று. இரண்டு உலகப் போர்களில் இவ்வாற்றின் இரு கரையினரும் ஒருவரையொருவர் கொன்று குவித்தனர். உடன்படிக்கை பிழைத்துக்கொண்டது. கட்டணமில்லா ஆறு என்பதே ரைன் பொருளாதாரத்தின் அடித்தளம். அதே கட்டணமின்மைதான் ஆற்றுக்கு இழைக்கப்படும் சேதத்துக்கும் நெடுங்காலம் விலை குறிக்கப்படாமல் போனதற்கு ஒரு காரணம் என்பது நமது கருத்து.

இனி ஆற்றின் உடலுக்குச் செய்யப்பட்டதைப் பார்ப்போம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாசலுக்கு வடக்கே ரைன் ஓர் ஆறாக ஓடவில்லை. தீவுகளும் சதுப்புகளும் வளைவுகளுமாக மைல்கணக்கில் பரந்து கிடந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தன் தடத்தை மாற்றிக்கொண்டது. ஊர்கள் அடித்துச் செல்லப்பட்டன. மலேரியாக் காய்ச்சல் நீங்காமல் இருந்தது. பாடன் நாட்டுப் பொறியாளர் யோகான் காட்ஃபிரீட் துல்லா என்பவர் ஆற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கும் திட்டத்தை வகுத்தார். 1817இல் தொடங்கிய பணி 1876இல் முடிந்தது. அவர் 1828இலேயே இறந்துவிட்டார். பாசலுக்கும் வோர்ம்ஸ் நகருக்கும் இடைப்பட்ட ஆறு 81 கிலோமீட்டர் குறுகியது. நூலில் கூடிய 90 கிலோமீட்டர் காகிதத்தோடு போயிற்று. இந்த 81 கிலோமீட்டர் உண்மையாகவே மறைந்தது.

துல்லாவின் நோக்கம் வெள்ளத் தடுப்பும் விளைநிலமுமே. கப்பல் அவர் கணக்கில் முதலிடம் பெறவில்லை. அவர் நேராக்கிய ஆற்றைக் கப்பலுக்கு உரியதாக்கும் வேலை இருபதாம் நூற்றாண்டில் நடந்தது. கரையிலிருந்து நீருக்குள் கல்வரிசைகள் நீட்டப்பட்டன. அவை நீரை நடுவில் ஒடுக்கி ஆழத்தைக் காத்தன. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையால் உரிமை பெற்ற பிரான்சு, ஆற்று நீரைத் திருப்பி அல்சாஸ் பெருங்கால்வாயை அமைத்தது. 1932இல் கெம்ப்ஸ் தொடங்கி 1977இல் இஃபெட்ஸ்ஹைம் வரை மின்நிலையங்களோடு கூடிய பத்து அணைகள் வரிசையாக எழுந்தன. ஒவ்வோர் அணையின் பக்கத்திலும் கப்பலை உள்ளே விட்டு, கதவை அடைத்து, நீரைக் கூட்டியோ குறைத்தோ மறுமட்டத்துக்குக் கொண்டுசேர்க்கும் பெருந்தொட்டிகள் உண்டு. கப்பலுக்கு அவை படிக்கட்டு. மலையில் முட்டையிடக் கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் மீனுக்கோ அவ்வணைகள் மூடிய கதவு. 1950களில் சால்மன் ரைன் ஆற்றிலிருந்து மறைந்தது.

இதில் நம்மை மிகவும் சிந்திக்க வைக்கும் செய்தி கூழாங்கல் பற்றியது. இயல்பான ஆறு மலையிலிருந்து கல்லையும் சரளையையும் உருட்டிக் கொண்டுவந்து தன் படுகையை நிரப்பிக்கொள்ளும். அணைகள் அக்கல்லை மேலேயே நிறுத்திவிட்டன. கடைசி அணையைத் தாண்டி விழும் நீர் வெறுங்கையோடு வருகிறது. பசித்த ஆறு தன் படுகையையே தின்னத் தொடங்குகிறது. படுகை தாழ்ந்தால் கரையோரக் காடுகளின் நிலத்தடி நீர் தாழும், கட்டுமானங்களும் ஆட்டம் காணும். எனவே 1978 முதல் இஃபெட்ஸ்ஹைம் அணைக்குக் கீழே, மிதவைகளில் சரளை ஏற்றி வந்து ஆண்டுதோறும் ஆற்றில் கொட்டுகிறார்கள். அடுத்த வெள்ளம் அதை இழுத்துச் செல்லும். மறுபடியும் கொட்டுவார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. அங்கே உண்மையாகவே அளந்துதான் போடுகிறார்கள். தானே செய்துகொண்டிருந்த வேலைக்கு ஆற்றுக்கு இன்று கூலியாள் வேண்டியிருக்கிறது. நிறுத்துவதற்கும் வழியில்லை.

ஆற்று நீரைக் கெடுத்தது கப்பல்தானா என்னும் வினாவுக்கு ஆம் என்று உடனே விடை சொல்வது நேர்மையாகாது. 1986 நவம்பர் முதல் நாள் பாசல் அருகே ஷ்வைட்சர்ஹல்லே என்னுமிடத்தில் சாண்டோஸ் நிறுவனத்தின் வேதிப்பொருள் கிடங்கு தீப்பற்றியது. தீயணைத்த நீரோடு பூச்சிக்கொல்லிகள் ஆற்றில் கலந்தன. நீர் சிவந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்ட விலாங்கு மீன்கள் மாண்டன. அந்த நஞ்சு கரையிலிருந்து வந்தது. ஆனால் அத்தனை வேதி ஆலைகள் ஏன் இவ்வாற்றின் கரையில் வரிசையாக நிற்கின்றன என்று அடுத்த வினாவைக் கேட்டால், கச்சாப்பொருளைக் கொண்டுவரவும் விளைபொருளைக் கொண்டுபோகவும் கப்பல் இருந்ததால்தான் என்னும் விடை கிடைக்கும். கப்பலே அழுக்காக்கவில்லை. அழுக்காக்கியவற்றை அங்கே கூட்டி வைத்தது.

அத்தீயின் பின் 1987இல் ரைன் செயல்திட்டம் வகுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுக்குள் சால்மன் திரும்ப வேண்டும் என்பது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. நீர்த்தரத்தை அளப்பதற்கு வேதியியல் பட்டியலுக்குப் பதில் ஒரு மீனை இலக்காக வைத்தது நல்ல உத்தி. பட்டியலைப் படிப்போர் சிலர். மீனை எல்லாரும் அறிவர். தொண்ணூறுகளில் சால்மன் மீண்டும் தென்பட்டது. 2000இல் இஃபெட்ஸ்ஹைம் அணையிலும் 2006இல் காம்ப்ஸ்ஹைம் அணையிலும் மீன் ஏறும் வழிகள் திறக்கப்பட்டன. பாசல்வரை தடையற்ற வழி இன்னும் முழுமையாகவில்லை. கப்பலின் பங்கைப் பொறுத்தவரை, அடித்தளத்தில் சேரும் எண்ணெய்க் கழிவையும் சரக்கின் எச்சத்தையும் ஆற்றில் விடாமல் கரையில் ஒப்படைப்பதற்கான உடன்படிக்கை 1996இல் கையொப்பமாகி 2009இல் நடைமுறைக்கு வந்தது. கப்பல்கள் வாங்கும் எரியெண்ணெயோடு சேர்த்துக் கட்டணம் வாங்கப்படுகிறது. ஆற்றில் செல்லக் கட்டணம் இல்லை என்னும் பழைய சட்டத்தை உடைக்காமலேயே, கழிவுக்கு ஒரு விலை வைத்துவிட்டார்கள்.

விபத்துகளும் உண்டு. 2011 சனவரி 13ஆம் நாள் லோரலைப் பாறைக்கு அருகே 2,400 டன் கந்தக அமிலம் ஏற்றிய 'வால்ட்ஹோஃப்' என்னும் கப்பல் கவிழ்ந்தது. நால்வருள் இருவர் உயிரிழந்தனர். வாரக்கணக்கில் போக்குவரத்து தடைப்பட்டது. இவை செய்தியாகின்றன. செய்தியாகாமல் நிகழ்வது வேறு. 1992இல் மைன் ஆற்றையும் டான்யூப் ஆற்றையும் இணைக்கும் 171 கிலோமீட்டர்க் கால்வாய் நிறைவுற்றது. கருங்கடலிலிருந்து வடகடலுக்குக் கப்பல் செல்ல வழி பிறந்தது. கருங்கடல், காசுபியன் கடற்பகுதிகளின் இறால் போன்ற சிற்றுயிர்களும் அடிவாழ் மீன்களும் அவ்வழியே ரைன் ஆற்றில் புகுந்து, சில ஆண்டுகளிலேயே அதன் அடித்தளத்தை ஆக்கிரமித்தன. கவிழ்ந்த கப்பலை நிமிர்த்தலாம். இவற்றைத் திருப்பி அனுப்ப வழி இல்லை.

இப்போது கவுப் ஊருக்குத் திரும்புவோம். சுங்கம் வாங்கிய ஊர் இன்று வேறொன்றால் புகழ்பெற்றிருக்கிறது. அங்கே ஆற்றின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்று உள்ளது. நடு ரைனில் ஆறு மிகவும் ஆழம் குறைந்திருப்பது அப்பகுதியிலேயே. ஆகவே ராட்டர்டாமிலிருந்து தெற்கே செல்லும் கப்பல் எவ்வளவு ஏற்றலாம் என்பதை அவ்வூரின் எண்ணே தீர்மானிக்கிறது. கப்பல் ஒப்பந்தங்களில் நீர் குறைந்தால் கூலி எவ்வளவு கூடும் என்பது அவ்வெண்ணைக் கொண்டே எழுதப்படுகிறது.

2018 அக்டோபர் 22ஆம் நாள் அவ்வளவுகோல் 25 சென்டிமீட்டர் காட்டியது. இச்செய்தியைப் படித்தோர் பலர், ரைன் ஆற்றில் முழங்கால் அளவு நீர்கூட இல்லை என்று எண்ணிவிட்டனர். அளவுகோலின் சுழியம் ஆற்றின் தரை அன்று. அளவுகோல் 78 காட்டும்போது கப்பல் தடத்தில் 1.90 மீட்டர் ஆழம் இருக்கும். அதன்படி 25 காட்டிய நாளில் ஆழம் ஏறத்தாழ 1.37 மீட்டர். வெறுங்கப்பலே ஒரு மீட்டருக்கு அண்மையில் அமிழும். அடிப்புறம் பாறையில் உரசாமலிருக்கச் சிறிது இடைவெளியும் வேண்டும். எஞ்சுவது ஒரு சாண் அளவுகூட இல்லை.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 110 மீட்டர் நீளத்தையும் 11.4 மீட்டர் அகலத்தையும் 10 சென்டிமீட்டர் ஆழத்தையும் பெருக்கினால் 125 கனமீட்டர் வரும். கப்பலின் முனைகள் வளைந்திருப்பதால் சிறிது கழித்தாலும், ஆற்றில் நீர் 10 சென்டிமீட்டர் இறங்கும் ஒவ்வொரு முறையும் கப்பல் நூறு டன்னுக்கு மேல் சரக்கை விட்டுச்செல்ல வேண்டும். ஆர்க்கிமிடீசு தத்துவத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அவ்வாண்டு கோடைமுதல் பனிக்காலம் தொடங்கும்வரை நீர் ஏறவில்லை. லுட்விக்ஸ்ஹாஃபன் நகரிலுள்ள பாஸ்ஃப் வேதித் தொழிற்பேட்டையின் சரக்கில் ஏறத்தாழ 40 விழுக்காடு கப்பலில் வந்துபோவது. நீர்க்குறைவால் அந்நிறுவனத்துக்கு நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 25 கோடி யூரோ. தென்ஜெர்மனியில் பெட்ரோல் நிலையங்கள் சில வறண்டன. அரசு தன் அவசரகால எண்ணெய்க் கையிருப்பைத் திறந்தது. கீல் நகரப் பொருளியல் ஆய்வு நிறுவனத்தார் பிற்பாடு ஆராய்ந்து, கவுப் நீர்மட்டம் ஒரு மாதம் முழுதும் 78க்குக் கீழே இருந்தால் ஜெர்மனியின் தொழில் உற்பத்தி ஒரு விழுக்காடு அளவுக்குக் குறைகிறது என்று கண்டனர். ஒரு சிற்றூரின் அளவுகோலில் ஒரு பெருநாட்டின் உற்பத்தி தெரிகிறது. 2022 ஆகஸ்டில் மீண்டும் 30 சென்டிமீட்டர் அளவுக்கு நீர் இறங்கியது. சுங்கக் கோட்டைக்குப் படகில் செல்ல வேண்டியோர் காய்ந்த கற்களின் மேல் நடந்தே சென்றனர்.

2018ஆம் ஆண்டின் நாட்குறிப்பில் மற்றொரு பதிவும் உண்டு. அக்டோபர் 17ஆம் நாள், மன்ஹைம் உடன்படிக்கையின் 150ஆம் ஆண்டு நிறைவில், ரைன் நாடுகளின் அமைச்சர்கள் அதே நகரில் கூடி ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். 2035க்குள் கப்பல்களின் பசுங்குடில் வாயுக்களை 2015ஆம் ஆண்டின் அளவைவிட 35 விழுக்காடு குறைப்பது, 2050க்குள் ஏறத்தாழ முற்றாக ஒழிப்பது என்பன அதன் இலக்குகள். ஐந்தே நாள்களில் கவுப் ஊரில் 25. காலம் இத்தகைய முரணைத் தானே எழுதிக்கொள்கிறது. கப்பல் நெடுங்காலமாகச் சுமந்து பிழைத்த சரக்கு நிலக்கரியும் எண்ணெயும். அவை எரிந்து வானை வெம்மையாக்கின. ஆல்ப்ஸ் பனிப்பாறைகள் தேய்கின்றன. கோடையில் ஆற்றை நிரப்பிய பனிநீர் குறைகிறது. தான் சுமந்ததாலேயே தான் மிதக்கும் நீரைக் கப்பல் இழந்துகொண்டிருக்கிறது. நிலக்கரி மின்நிலையங்களை 2038க்குள் மூட ஜெர்மனி 2020இல் சட்டம் இயற்றிவிட்டதால், நாளடைவில் அச்சரக்கையும் அது இழக்கும். கட்டுரை அச்சின் முற்பாதியில் இதை எழுதுவதா, பிற்பாதியில் எழுதுவதா?

என்ன செய்கிறார்கள் என்பதில் இரண்டு போக்குகள் தெரிகின்றன. ஒன்று பழைய போக்கு. மைன்ஸ் அருகிலிருந்து சங்க்ட் கோவார் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், நீர் குறைந்த காலத்துக்கு உறுதிசெய்யப்படும் ஆழத்தை 1.90 மீட்டரிலிருந்து 2.10 மீட்டராக்குவது. கவுப் ஊரும் இதனுள் அடங்கும். வெறும் 20 சென்டிமீட்டர்தான். நாம் போட்ட கணக்கின்படி ஒவ்வொரு கப்பலுக்கும் இருநூறு டன்னுக்கு மேல். எனவே தொழில் துறையினர் இதை விரைவாகக் கேட்கின்றனர். இயற்கை ஆர்வலர்களோ சரளைத் திட்டுகளும் ஆற்றுத் தீவுகளும் என்னவாகும் என்று வினவுகின்றனர். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை.

மற்றொன்று புதிய போக்கு. பாஸ்ஃப் நிறுவனம் ஆற்றை மாற்றச் சொல்லிக் காத்திருக்காமல் கப்பலை மாற்றியது. 2023இல் நீரில் இறங்கிய 'ஸ்டோல்ட் லுட்விக்ஸ்ஹாஃபன்' என்னும் எண்ணெய்க்கலம் 135 மீட்டர் நீளமும் 17.5 மீட்டர் அகலமும் உடையது. அகன்ற உடல் நீரில் குறைவாக அமிழும். கவுப் அளவுகோல் 30 காட்டினாலும் அது 800 டன் ஏற்றிச் செல்லும். நெதர்லாந்திலோ வால் என்னும் கிளையாற்றில், தீல் நகருக்கு அருகே, நூற்றாண்டுப் பழமையுடைய குறுக்குக் கல்வரிசைகளை அகற்றிவிட்டு, கரைக்கு இணையாக நீண்ட கல்லணை கட்டினார்கள். 2015 அளவில் அப்பணி முடிந்தது. அணைக்கு ஒருபுறம் கப்பல் தடம். மறுபுறம் அலையடிக்காத ஓடை. கப்பல் எழுப்பும் அலையில் கரையொதுங்கிச் சாகும் மீன்குஞ்சுகள் அங்கே வளர்கின்றன. வெள்ளக் காலத்தில் அவ்வோடை நீருக்கும் வழிவிடுகிறது. ஒரே கல்லை எடுத்து வேறு திசையில் அடுக்கியதுதான் வேலை.

இருநூறு ஆண்டுகள் ஆற்றைக் கப்பலுக்கேற்ப வெட்டினார்கள். இனிக் கப்பலை ஆற்றுக்கேற்ப வார்ப்பதே பெரும்பாலும் சரியான வழி என்று நாம் கருதுகிறோம். பெரும்பாலும் என்னும் சொல்லை வேண்டுமென்றே சேர்க்கிறோம். அகன்ற கப்பல் கட்டப் பெருநிறுவனத்துக்கு இயலும். மகிழுந்தை மேல்தளத்தில் நிறுத்திய அந்தக் கணவன் மனைவிக்கு இயலுமா என்பது ஐயமே.

சிங்கப்பூர் ஆறு வேறு வழியில் சென்றது. தொடக்கக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியரும் பின்னர்ச் சீனரும் சரக்குத் தொங்காங்குகளைச் செலுத்திய அவ்வாற்றை, 1977 முதல் 1987 வரை பத்தாண்டு முயன்று தூய்மை செய்தனர். 1983இல் தொங்காங்குகள் அனைத்தும் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. ஆறு தெளிந்தது, சரக்கு மறைந்தது. சரக்குக்கு மாற்றிடமாகக் கடல் அருகிலேயே இருந்ததால் அது இயன்றது. மன்ஹைம் நகருக்குக் கடல் இல்லை.

ஆசிரியர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். கவுப் அளவுகோலின் எண் நாள்தோறும் இணையத்தில் வெளியாகிறது. வகுப்பில் ஒரு நாள் அதை எடுத்துக் கரும்பலகையில் எழுதுங்கள். 112ஐக் கூட்டினால் அன்றைய ஆழம் சென்டிமீட்டரில் கிடைக்கும். அன்று அவ்வழி செல்லும் கப்பல் எத்தனை டன் ஏற்றும், எத்தனை டன் கரையில் நிற்கும், நிற்பதை ஏற்ற எத்தனை கனவுந்துகள் வேண்டும் என்று மாணவர்கள் கணக்கிடட்டும். அதன்பின் கட்டுரை எழுதச் சொல்லுங்கள்.